தடி இன்று யார் வீட்டு வாசலில்? ரண்பூர்க் காடுகளில் ஆறு நாட்கள்

முதல் நாள்

சென்னையில் நேற்று மாலை ஏறிய ரயில் இன்று பிற்பகல் சிலிகா ஏரியை ஒட்டி நெடுநேரம் ஓடி, குர்தா ரோடு சந்திப்பில் என்னை இறக்கிவிட்டது. புவனேசுவரத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் தோழி நிலையத்தில் காத்திருந்தாள். எனக்கு ஒடியா தெரியாது; இந்தப் பயணம் முழுவதும் அவள்தான் என் காதும் வாயும். அங்கிருந்து ராஜ்சுனாகலா வழியாக ரண்பூர் வந்து சேர்ந்தபோது மணிநாக மலையின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

வந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒடிசாவின் நயாகட் மாவட்டத்தில், தங்கள் ஊரை ஒட்டிய காட்டை மரம் வெட்டுவோரிடமிருந்து தாங்களே காவல் காக்கும் பழங்குடிப் பெண்களைப் பற்றித் தோழி சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எங்கள் நண்பர் வட்டத்தில் நாற்பதாயிரம் ரூபாய் சேர்ந்தது. காவலுக்குப் போகும் பெண்களுக்கு மாதந்தோறும் ஒரு சிறு ஊக்கத்தொகை தரலாம் என்பது எங்கள் எண்ணம். அதற்கான ஒரு திட்டத்தை எழுதி, அச்சிட்டு, பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

ரண்பூர் ஒரு காலத்தில் சிறு சமஸ்தானம். கூலியில்லாத வெட்டி வேலையையும் அரண்மனையின் கெடுபிடிகளையும் எதிர்த்து இங்கே பிரஜா மண்டலம் என்ற மக்கள் இயக்கம் எழுந்தது. 1939 ஜனவரியில் அரண்மனை முன் திரண்ட மக்கள் கூட்டத்தின் மீது ஆங்கிலேய அரசியல் அதிகாரி பேசல்கெட் துப்பாக்கியால் சுட, கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அந்த வழக்கில் ரகு, திவாகர் என்ற இருவர் 1941-ல் தூக்கிலிடப்பட்டனர். 1948-ல் சமஸ்தானம் ஒடிசாவோடு இணைந்து புரி மாவட்டத்துக்குள் வந்தது. 1993-ல் நயாகட் தனி மாவட்டமானது. கொடிகள் மாறின. காட்டோரத்தில் வாழ்ந்தவர்களுக்குக் காட்டின் மீது என்ன உரிமை என்ற கேள்வி மட்டும் ஒவ்வொரு மாற்றத்திலும் பதிலின்றிக் கைமாறியது.

நாங்கள் தங்கும் ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. வந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே ஊர்ப் பெண்கள் கேட்டுக்கொண்டது இது ஒன்றைத்தான். மரம் வாங்குகிறவர்களும் கைப்பேசி வைத்திருக்கிறார்கள், எந்த ஊரில் எத்தனை பேர் எந்த நேரத்தில் காவல் போகிறார்கள் என்பது அவர்களுக்கும் பயன்படும் செய்தி என்றார்கள். ரண்பூரில் இறங்கியதும் நண்பர்களுக்கு அனுப்பியிருந்த ஒரு படத்தை அப்போதே நீக்கிவிட்டேன்.

இரண்டாம் நாள்

விடியுமுன் எழுந்தேன். நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, மண் திண்ணையை ஒட்டிய சுவரில் ஒரு மூங்கில் தடி சாய்ந்திருந்தது. ஆள் உயரம் இருக்கும். பல கைகள் பிடித்துப் பிடித்து நடுப்பகுதி வழவழப்பாகி, எண்ணெய் பூசியதைப் போல் மின்னியது. இந்தத் தடியைப் பார்க்கத்தான் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறேன்.

இந்தக் காவல் முறைக்கு இங்கே ‘டெங்கா பாளி’ என்று பெயர். டெங்கா என்றால் தடி, பாளி என்றால் முறை. எங்கள் தாமிரபரணிப் பக்கத்தில் என் அப்பா முறைத்தண்ணீர் என்று சொல்லுவார். வாய்க்காலில் யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று ஊர் கூடி வைத்த ஒழுங்கு அது. இங்கே அதே போன்ற ஒழுங்கு காட்டுக்கு இருக்கிறது. இவ்வூரில் நாற்பது வீடுகள், நான்கு தடிகள். எந்த வீட்டு வாசலில் தடி நிற்கிறதோ அந்த வீட்டிலிருந்து ஒருவர் அன்று காட்டுக்குப் போக வேண்டும். பகல் முழுவதும் சுற்றி வந்து, மாலையில் தடியை அடுத்த வீட்டின் வாசலில் சாய்த்துவிட்டால் கடமை முடிந்தது. பத்து நாளுக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் வரும். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் சாவு விழுந்த வீட்டுக்கும் விலக்கு உண்டு. காய்ச்சலில் கிடப்பவர் பக்கத்து வீட்டாரோடு முறையை மாற்றிக்கொள்ளலாம். பெயர்ப் பதிவேடோ மேற்பார்வையாளரோ கிடையாது. முறையைத் தட்டிக்கழித்த வீட்டின் வாசலில் தடி அப்படியே நிற்கும். தெருவில் போகிற எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அது போதும் என்றார்கள்.

இன்று முறை வந்த நால்வரில் ஒருவர் அறுபதை நெருங்கும் பெண். சின்னம்மாவைக் குறிக்கும் ‘மாவுசி’ என்ற சொல்லால்தான் ஊரே அவரை அழைக்கிறது. நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னை ‘மேடம்’ என்றார். அலுவலகத்திலிருந்து வருகிற பெண்களை அப்படித்தான் அழைப்பது வழக்கமாம். இவர்கள் கந்தா பழங்குடியினர். வெளியுலகம் கோந்த் என்று எழுதுவது இவர்களைத்தான். காலைச் சாப்பாடு பகாள, அதாவது நீர் ஊற்றி வைத்த பழைய சோறு; தொட்டுக்கொள்ள உப்பும் பச்சை மிளகாயும் சுட்ட கத்தரிக்காயும். அதை உண்டுவிட்டு, தூக்குப்பாத்திரத்தில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

காடு ஊரின் கடைசி வயலிலேயே தொடங்கிவிடுகிறது. பெரும்பகுதி சால் மரங்கள். பங்குனியின் இறுதி ஆதலால் பழைய இலைகள் உதிர்ந்து, புது இலைகள் செம்பும் பச்சையுமாக விரிந்திருந்தன. வெளிர்மஞ்சள் பூக்கள் தலைக்கு மேலே கொத்துக் கொத்தாக இருந்தன. இடையிடையே கருமருது, வேங்கை, இலுப்பை. வேங்கையின் அருகில் வந்தபோது மாவுசி நின்று, அடிமரத்தில் கையை வைத்து, சுற்றிலும் தரையைப் பார்த்தார். திருடர்கள் முதலில் தேடி வருவது இந்த மரத்தைத்தான்; கதவுக்கும் கட்டிலுக்கும் நல்ல விலை கிடைக்கும். வெட்டுவதற்குச் சில நாள் முன்பே ஒருவன் வந்து பட்டையில் சிறு வெட்டு போட்டு மரத்தின் உள்வயிரத்தைச் சோதித்துவிட்டுப் போவான். அந்தச் சிறு வெட்டைக் கண்டுபிடிப்பதுதான் காவலின் பாதி வேலை. அதைக் கண்ட நாளிலிருந்து அந்தப் பக்கம் இருவர் கூடுதலாகப் போவார்கள். வந்தவன் ஆட்கள் இருப்பதைப் பார்த்துவிட்டு வராமல் போய்விடுவான்.

இவர்கள் துப்பாக்கியைப் பற்றியோ சண்டையைப் பற்றியோ அதிகம் பேசுவதில்லை. நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். தனியாக வந்து ஒரு கம்பை வெட்டுகிறவனிடம் கோடரியையும் மிதிவண்டியையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஊருக்கு வந்து பேசி எடுத்துப் போகச் சொல்வார்கள். அவன் இவ்வூராக இருந்தால் அபராதம். பக்கத்து ஊராக இருந்தால் இரு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். அதிலும் தீராவிட்டால் இப்பகுதி ஊர்களின் கூட்டமைப்பான மா மணிநாக வனப் பாதுகாப்புப் பரிஷத்திடம் போகும். கூட்டமாக வண்டியோடு வருகிறவர்களிடம் இந்த நால்வர் நெருங்கமாட்டார்கள். ஒருவர் ஊருக்கு ஓடிவந்து குரல் கொடுக்க, அடுப்பை அணைத்துவிட்டு எல்லா வீட்டுப் பெண்களும் போய் மரத்தைச் சுற்றி நிற்பார்கள். இப்பகுதியிலேயே டெங்காஜரி என்ற கந்தா சிற்றூரின் பெண்கள், 1999-ல் வண்டிகளோடு வந்த பெருங்கூட்டம் ஒன்றை இப்படி வெறுங்கையோடு மறித்துத் திருப்பியனுப்பிய செய்தியை இங்கே எல்லோரும் அறிந்திருக்கிறார்கள். மாவுசி அதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கிற குரலில் சொன்னார்.

பிற்பகலில் ஓரிடத்தில் நால்வரும் சட்டென்று நின்றார்கள். முன்னே போனவர் கையை உயர்த்தியிருந்தார். இலுப்பை மரத்தடியில் மண் புதிதாகக் கிளறப்பட்டு, நகக் கீறல்கள் ஆழமாகத் தெரிந்தன. கரடி. பூ விழும் பருவத்தில் கரடியும் பெண்களும் ஒரே மரத்தைத் தேடித்தான் வருகிறார்கள். சத்தமாகப் பேசிக்கொண்டே வேறு வழியாகச் சுற்றி நடந்தோம். கூலியோ காப்பீடோ காலுக்கு உறுதியான காலணியோ இல்லாமல், பத்து நாளுக்கு ஒரு முறை இவ்வழியில் நடக்கிறார்கள். எனக்கு நெஞ்சு அடைத்தது. இன்றிரவே திட்டத்தை எடுத்துக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். மாலையில் தடியை அடுத்த வீட்டு வாசலில் மாவுசி சாய்த்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏனோ, இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம் என்று தோன்றிவிட்டது.

மூன்றாம் நாள்

இன்று ஊரில் வயதில் மூத்தவரான ஒரு பெரியவரோடு மலையடிவாரம் வரை போனோம். அவருடைய இளமையில் இந்த மலை மொட்டையாக இருந்தது. 1970-களிலும் 80-களிலும் ஒப்பந்தக்காரர்களின் வண்டிகள் ஒருபுறம், நகரத்துக்கு விறகு சுமந்தவர்கள் மறுபுறம், வேறு பிழைப்பில்லாமல் வெட்டிய சொந்த ஊர்க்காரர்கள் இன்னொரு புறம் என்று மரங்கள் போய்விட்டன. இறுதியில் வெட்டிய மரங்களின் அடிக்குற்றிகளில் பலவற்றையும் வேரோடு தோண்டி எரித்திருக்கிறார்கள். மாசி மாதத்திலேயே ஓடை வறண்டது. விறகுக்குப் பெண்கள் விடியலில் போய் உச்சிவெயிலில் திரும்பினார்கள். தாங்களும் வெட்டியவர்கள்தான் என்பதை அவர் மறைக்கவில்லை. காவல் தொடங்கியதன் கதை அந்த ஒப்புதலிலிருந்துதான் தொடங்குகிறது.

ரண்பூர்ப் பகுதியில் அன்று பல ஊர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் விழித்துக்கொண்டன. தானி மலைக் காட்டை ஐந்து ஊர்கள் சேர்ந்து 1987-லிருந்து காத்துவருகின்றன. மாவட்டத்தின் இன்னொரு பகுதியில் கேசர்பூரை மையமாகக் கொண்டு மரங்களையும் உயிர்களையும் காக்கும் இயக்கம் அதற்கும் முன்பே, 80-களின் தொடக்கத்தில், பேராசிரியர் ராதாமோகன் போன்றோரின் துணையோடு வேரூன்றியிருந்தது. ஊராரோடு சேர்ந்து காட்டைக் காக்கும் கூட்டு வன மேலாண்மை என்று அரசு பேசத் தொடங்குவதற்கு முன்னரே இங்கே தடிகள் வீடு வீடாக நகர்ந்துகொண்டிருந்தன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மொட்டை மலை எப்படிக் காடானது என்று கேட்டேன். எத்தனை கன்று நட்டீர்கள் என்பதுதான் என் கேள்வியின் உட்பொருள். பெரியவர் ஒரு சால் மரத்தின் அடியைக் காட்டினார். ஒரே வேரிலிருந்து மூன்று தண்டுகள் பிரிந்து உயர்ந்திருந்தன. மூன்றுக்கும் நடுவில் பழைய வெட்டுக் குற்றி மக்கிக் கருத்துக் கிடந்தது. சால் மரத்தின் இயல்பு இது. மேலே எத்தனை முறை வெட்டினாலும் வேர் உயிரோடிருந்தால், கரும்பின் மறுதாம்பு போல், அடியிலிருந்து துளிர்விட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் துளிரை ஆடும் தீயும் அரிவாளும் தொடாமல் சில ஆண்டுகள் விட்டால் போதும், காடு தானே எழுந்து நிற்கும். இவர்கள் ஒரு கன்றும் நடவில்லை. துளிர்களில் வலுவானதை விட்டு மற்றவற்றைக் கழித்தார்கள், ஆட்டை ஓட்டினார்கள், தீயை அணைத்தார்கள். முப்பது ஆண்டுகளாக இந்த மலையில் செய்யப்பட்ட முதலீடு மனிதர்களின் கவனம் ஒன்றுதான்.

மலையின் மறுபக்கத்தில் ஒரு சரிவில் மட்டும் தேக்கு வரிசையாக நின்றது. அடியில் புல்கூட இல்லை. ஒரு திட்டத்தின்கீழ் ஊரைக் கேட்காமல் நடப்பட்டது என்றார்கள். அதைக் காடு என்று அவர்கள் சொல்வதில்லை, ‘நட்டது’ என்கிறார்கள். அங்கே கிழங்கு கிடையாது, காளான் கிடையாது, தைக்க இலை கிடையாது என்று உடன் வந்த ஓர் இளம்பெண் விரல் மடக்கிச் சொன்னாள்.

திரும்பும் வழியில் புகை தெரிந்தது. இலுப்பைப் பூப் பொறுக்குவதற்காக மரத்தடிச் சருகை யாரோ கொளுத்தியிருந்தார்கள்; காற்று அதைச் சால் சருகுக்குள் தள்ளியிருந்தது. பெண்கள் பச்சைக் கிளைகளை ஒடித்துத் தீயின் விளிம்பை அடித்தார்கள். மற்றவர்கள் சற்றுத் தள்ளிச் சருகைக் கூட்டி ஒதுக்கி வெறுந்தரை வரி ஒன்று உண்டாக்கினார்கள். நானும் ஒரு கிளையை எடுத்தேன். தீ அந்த வெறுந்தரையை எட்டி அடங்க ஒரு மணி நேரமாயிற்று. என் உள்ளங்கை கொப்பளித்திருப்பதைப் பார்த்த மாவுசி, வீட்டுக்கு வந்ததும் ஏதோ இலையை அரைத்துக் கட்டிவிட்டு, ‘தூங்கு, மா’ என்றார். ஒடியாவில் வயதில் சிறிய பெண்களை வாஞ்சையோடு அழைக்கும் சொல் அது என்று தோழி சொன்னாள். எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நான்காம் நாள்

இன்று திட்டத்தை எடுத்துச் சொன்னேன்.

ஊர்ச் சாவடியில் ஏறத்தாழ முப்பது பெண்கள். தோழி வரிக்கு வரி ஒடியாவில் சொல்லச் சொல்ல, நாங்கள் சேர்த்த தொகையைச் சொன்னேன், மாதந்தோறும் காவலுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் எவ்வளவு தர முடியும் என்று சொன்னேன், ஓராண்டுக்குப் பின் இன்னும் திரட்ட முயல்வோம் என்றும் சொன்னேன். கேட்டு முடித்ததும் நெடுநேரம் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு மாவுசி எழுந்து, வந்ததற்கும் நினைத்ததற்கும் நன்றி சொல்லிவிட்டு, கூலி வேண்டாம் என்றார்.

அவர் காரணம் சொன்ன விதத்தை இயன்றவரை அப்படியே எழுதுகிறேன். அருகே ஓர் ஊரில் முன்பு இதேபோல் தடி சுற்றி வந்தது. பிறகு ஒரு திட்டம் வந்து, இருவரைக் காவலாளிகளாக அமர்த்தி மாதச் சம்பளம் கொடுத்தது. நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார்கள். ஆனால் சம்பளம் வாங்குகிறவன் இருக்கும்போது நான் ஏன் போக வேண்டும் என்று மற்ற வீடுகள் தடியை உள்ளே வைத்துவிட்டன. மூன்று ஆண்டில் திட்டம் முடிந்தது. சம்பளம் நின்றதும் அந்த இருவரும் நின்றார்கள். தடியை மறுபடி வெளியே எடுக்க எந்த வீட்டுக்கும் கை வரவில்லை. அந்தக் காட்டின் வேங்கை மரங்கள் அடுத்த கோடைக்குள் போய்விட்டன. ‘பணம் பெற்றவர் காட்டுக்குக் காவல்காரர். தடி எடுத்தவர் காட்டுக்கு வீட்டுக்காரர். நீ எங்களை எதுவாக ஆக்கப் பார்க்கிறாய், மா?’ என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. விடை தெரிந்துகொள்ளவே கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. உதவி என்றால் இல்லாததைக் கொடுப்பது என்று மட்டும் எண்ணி வந்திருக்கிறேன். இருப்பதைக் கலைத்துவிடாமல் கொடுப்பது எப்படி என்று சென்னையில் நாங்கள் யாரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அப்படியானால் என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஓர் இளம்பெண் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு நெகிழிப் பையைக் கொண்டுவந்தாள். உள்ளே வன உரிமைச் சட்டத்தின்கீழ் அவ்வூர் போட்ட சமுதாய வன வள உரிமை மனுவின் நகல். 2006-ல் நிறைவேறிய அந்தச் சட்டம், தலைமுறைகளாகக் காத்து வந்த காட்டைப் பாதுகாக்கவும் மேலாண்மை செய்யவும் கிராம சபைக்கு உள்ள உரிமையை எழுத்தில் ஏற்கிறது. கிராம சபை தன் காட்டைக் காக்கக் குழு அமைக்கலாம் என்று அதன் விதிகள் சொல்கின்றன. அங்கே கிராம சபை என்பது பல ஊர்களை அடக்கிய ஊராட்சியின் கூட்டம் அன்று. அந்தச் சிற்றூரின் பெரியவர்கள் அனைவரும் கூடும் சபை. கூட்டத்துக்கு உறுப்பினரில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். அங்கே தீர்மானமாகி, உட்கோட்டக் குழுவுக்கும் பின் மாவட்டக் குழுவுக்கும் போய்த்தான் உரிமைப் பத்திரம் வரும். ரண்பூர்ப் பகுதியில் 24 ஊர்களுக்கு 2021-ல் அப்படிப் பத்திரங்கள் கிடைத்தன. இவ்வூருக்கு இன்னும் கிடைக்கவில்லை. முதலில் அனுப்பிய கோப்பு எங்கோ ஒரு மேசையில் காணாமற்போயிற்று. மறுபடி முதலிலிருந்து தயாரித்திருக்கிறார்கள்.

பத்திரம் இல்லாவிட்டால் காவல் காப்பதில் என்ன குறை என்று கேட்டேன். அந்த இளம்பெண்ணே சொன்னாள். கோடரியைப் பறிமுதல் செய்தால், அதைப் பறிக்க நீ யார் என்று அவன் கேட்கிறான். அவன் காவல் நிலையத்துக்குப் போய்த் திருட்டு என்று புகார் எழுதினால், வழக்கு இவர்கள் மேல் வரும். தேக்கு நட வந்தபோது ஊரைக் கேட்க வேண்டும் என்று சொல்ல ஒரு தாளும் இல்லை. மூங்கிலை வெட்டி விற்கக் கிராம சபையே அனுப்புச் சீட்டு தரலாம் என்று 2012-ல் திருத்திய விதிகள் சொன்னாலும், பத்திரம் இல்லாத ஊரின் சீட்டைச் சாலையில் யார் மதிப்பார்கள்? முப்பது ஆண்டு காத்தும், சட்டத்தின் கண்ணில் இவர்கள் இன்னும் அந்தக் காட்டுக்குள் நடமாடும் வெளியாட்கள்.

நம் பக்கத்து நினைவும் வந்தது. தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தின்கீழ் உரிமைப் பத்திரம் வழங்குவதை 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை கட்டிவைத்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை அகற்றும் வரை நம் மலைகளின் பழங்குடியினர் காத்திருந்தார்கள். ஒரு தாளுக்காகக் காத்திருப்பதில் எட்டு ஆண்டுகள் என்பது ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்குப் போய்விடும் காலம்.

ஆகவே அவர்கள் கேட்டவை இவை: எல்லை நடந்து குறித்த வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிடும் செலவு, நகல் எடுக்கும் செலவு, நகரத்து அலுவலகத்துக்கு ஐந்து பேர் போய்வரப் பேருந்துக் கட்டணம், ஒரு முறைக்கு அல்ல, முடியும் வரை, பழைய பொய்வழக்கு ஒன்றில் அலைந்துகொண்டிருக்கும் இருவருக்கு வழக்கறிஞர் கட்டணம். மழைக்காலத்துக்கு நான்கு மழைச்சட்டையும் நான்கு கைவிளக்கும். நான்குக்கு மேல் வேண்டாம். தடியோடு சேர்த்து அவையும் வீடு வீடாகப் போகும். கணக்கை எழுதிக் கூட்டியபோது நாற்பதாயிரத்தில் கொஞ்சம் மிஞ்சியது. அதை ஊர்ப் பொதுப்பெட்டியில் போட்டு, பூட்டின் இரண்டு சாவிகளை இரு பெண்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அச்சிட்டு வந்த திட்டத்தாள்களின் பின்பக்கம் வெற்றாக இருந்ததால், கூட்டக் குறிப்பு எழுத அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள்

கையில் கட்டு இருப்பதால் காட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து மந்தாரைக் கொடியின் இலைகளைத் தைப்பதைப் பார்த்தேன். இங்கே அதைச் சியாளி என்கிறார்கள். இரு மடலாக விரிந்த பெரிய இலைகள். மூங்கில் ஈர்க்கால் குத்திக் குத்தி வட்டத் தட்டாக்குகிறார்கள். கிண்ணமாக மடித்தால் ‘தோனா’, நம் தொன்னைதான். தமிழ்நாட்டுக் கோயில்களிலும் கலியாணப் பந்திகளிலும் தையல் இலையில் உண்ட நினைவு பலருக்கும் இருக்கும். அந்த இலை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

காட்டைக் காப்பவர்கள் காட்டைத் தொடாமல் இருக்கிறார்கள் என்று யாராவது எண்ணினால் அது தவறு. இலை, இலுப்பைப் பூ, இலுப்பை விதை, கிழங்கு, காளான், காய்ந்த சுள்ளி எல்லாம் இங்கிருந்தே வருகின்றன. சித்திரை பிறந்தபின் பீடி சுற்றும் கேந்து இலையும் வரும். வீட்டு உத்திரத்துக்கோ ஏருக்கோ சிதைக்கோ மரம் வேண்டுமென்றால் ஊர்க்குழுவிடம் சொல்லி, குழு காட்டும் மரத்தைத்தான் வெட்ட வேண்டும். தட்டுக்கு இடைத்தரகர் தரும் விலை மிகக் குறைவு. நியாயமான விலைக்கு நேரடியாக வாங்க ஆள் கிடைத்தால் அதுவும் காட்டுக்குச் செய்கிற உதவிதான் என்று ஒரு பெண் சொன்னபோது, சென்னையில் என் சித்தப்பா நடத்தும் சமையல் ஒப்பந்தத் தொழில் நினைவுக்கு வந்தது. தொலைபேசியில் பேசினேன். மாதிரிக்கு இருநூறு தட்டு அனுப்பச் சொன்னார்.

மாலையில் எங்கள் வீட்டு வாசலுக்குத் தடி வந்தது. நாளை இவ்வீட்டின் முறை. நாளை அலுவலகத்துக்குப் போகும் ஐவரில் வீட்டுப் பெண்ணும் ஒருவர் ஆதலால், எதிர்வீட்டுப் பெண் ஒன்றும் சொல்லாமல் வந்து தடியை எடுத்துக்கொண்டு போனார்.

ஆறாம் நாள்

முதல் பேருந்தில் ஐவரும் நாங்கள் இருவரும் நகரத்துக்குப் போனோம். வரைபடத்தை அச்சிட்டுக் கையில் வாங்கியபோது, பெண்கள் அதைக் கடையின் தரையிலேயே விரித்து, ஓடையையும், தெய்வக் கல்லையும், பழைய எல்லைப் புளியமரத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார்கள். ஓரிடத்தில் ஓடையின் பெயர் தவறாக அச்சாகியிருந்தது. திருத்தி மறுபடி அச்சிட இன்னும் ஒன்றரை மணி நேரமாயிற்று. நேரமாகிறதே என்று நான் தவித்தேன். மாவுசி கடைக்காரரிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்திருந்தார்.

அலுவலகத்தில் எங்களை மூன்று அறைகளுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது அறையில் ஓர் இளம் எழுத்தர் எல்லாத் தாளையும் புரட்டிப் பார்த்து, கிராம சபைத் தீர்மானத்தின் ஒரு பக்கத்தில் கைநாட்டுகளுக்கு எதிரே பெயர்கள் எழுதப்படவில்லை என்றார். பெண்களில் படித்தவளான அந்த இளையவள் அங்கேயே நின்று, ஒவ்வொரு கைநாட்டும் யாருடையது என்று மற்றவர்கள் சொல்லச் சொல்ல, முப்பத்தொரு பெயர்களை எழுதினாள். எழுத்தர் பொறுமையாகக் காத்திருந்தார். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சிச் சீட்டு வேண்டும் என்று மாவுசி கேட்டார். முதல் கோப்பு தொலைந்தபோது அது இல்லாமற்போனதே பெரிய குறையாயிருந்தது. எழுத்தர் நகலில் நாள் போட்டு, முத்திரை குத்தி, கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அந்தச் சீட்டு ஐந்து கைகளிலும் ஒருமுறை போய்வந்தது. பிறகு மாவுசி அதை நான்காக மடித்து நெகிழிப் பைக்குள் வைத்து, பையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். நான் அங்கிருந்தே குர்தா ரோடுக்குப் போக வேண்டியிருந்தது. பேருந்து நிலையத்தில் ஆளுக்கொரு தேநீர் வாங்கிக் கொடுத்தேன். இரவு தங்கிப் போகலாமே என்று தோழி கேட்டதற்கு, மூவர் ஒரே நேரத்தில் தலையை அசைத்தார்கள். எதிர்வீட்டுப் பெண் இன்று ஒருத்தியாய் இரண்டு பேர் வழியை நடந்திருப்பாள், இருட்டுவதற்குள் போய் அவளிடமிருந்து தடியை வாங்கி அடுத்த வாசலில் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, மூன்றரை மணிப் பேருந்தில் ஏறிவிட்டார்கள்.